அழுதால் வந்துவிடுவார்கள்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"அம்மிணி, நாளைக்கு நாம ராஜா ஊட்டுக்குப் போறோம். நல்ல சேலையாக் கட்டிக்கோ."

ஊட்டியில் வடக்கத்தி ராஜா ஒருவர் கோடைக்காலத்துக்கென்று கட்டிய அரண்மனை இருக்கிறது. பின்பாதியை ஹோட்டலாக்கிவிட்டு, முன்பக்க அறைகளையும் தோட்டத்தையும் டிக்கெட் போட்டு அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெரிய இரும்புக் கேட்டைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. அதை எப்போதோ என் கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்து அன்று ராத்திரி சந்தோஷமாகவே தூங்கினேன்.

மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். சோலூரில் காரட்டும் முட்டைக்கோசும் போடுகிற நிலம் அவருக்கு உண்டு. சபைக் கமிட்டியில் இருந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் விருந்து எதுவானாலும் மைக்கை அவரிடம்தான் கொடுப்பார்கள். அவர் இருந்தால் இடமே கலகலவென்று இருக்கும் என்று ஊரெல்லாம் பேர். என் கல்யாண விருந்திலும் அவர்தான் மைக் பிடித்தார். "பொண்ணு ஊட்டுக்காரங்க போட்ட பிரியாணியில கறி கண்டுபிடிக்கறவங்களுக்குப் பரிசு உண்டுங்க" என்றார். மண்டபமே சிரித்தது. அப்பா இறந்த பிறகு தனியாக நின்று அந்தக் கல்யாணத்தை நடத்திய என் அம்மா, பந்தியின் ஓரத்தில் தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டு தானும் சிரித்தாள். நானும் மேடையில் சிரித்தேன். அந்த மாதிரி நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். என் கணவர் வண்டி ஓட்டினார், மாமனார் அவர் பக்கத்தில். பின்னால் நான், என் மாமியாரான அத்தை, கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார். அத்தை விடியும் முன்பே எழுந்து எலுமிச்சைச் சாதமும் கோழி வறுவலும் செய்து டப்பாக்களில் கட்டியிருந்தார். பருத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி, சர்க்கரை வியாதி. தலைகுந்தா வரும்போது, சித்த நிறுத்தச் சொல்லுங்க, பாத்ரூம் போகணும் என்று மெதுவாகக் கேட்டார். நிறுத்தினார்கள்.

அவர் திரும்பி வந்து கதவைப் பிடிக்கப் போகும்போது வண்டி நகர்ந்தது. பிரேக்கிலிருந்து என் கணவரின் கால் நழுவியதோ என்று நினைத்தேன். பத்தடி தள்ளி நின்றது. அவர் வேகமாக நடந்து வந்து மறுபடி கைப்பிடியைத் தொட்டார். மறுபடி நகர்ந்தது. மாமனார் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டு, "ஓடு புள்ள, ஓடு! சுகருக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல!" என்று கத்தினார். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரோட்டோரத்தில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அத்தை சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்க முடியாமல், இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஓடி வந்தார்.

"நிறுத்துங்க" என்றேன் என் கணவரிடம்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சும்மா வெளையாட்டு. அம்மாவுக்குப் பழக்கந்தான்."

அத்தை ஒருவழியாக ஏறி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் மனம் சமாதானமாகிவிட்டது. இவர்கள் குடும்பத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அரண்மனை நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. சிவப்பு ஓட்டுக் கூரை, வாசலில் வழவழப்பான கல்தூண்கள். உள்ளே தேக்குப் பலகை வேய்ந்த நடன மண்டபம். ஆளைவிடப் பெரிய கண்ணாடிகள் மங்கிப் போயிருந்தன. சாப்பாட்டு மேசை ஒரு தெரு நீளம். சுவரெல்லாம் ராஜா சுட்ட மிருகங்களின் தலைகள். படிக்கட்டின் அடியில் பாடம் பண்ணிய கரடி ஒன்று இரண்டு காலில் நின்றது. மாமனார் அதன் முன்னால் நின்று, கூடவந்த மற்ற டூரிஸ்ட்டுகளுக்கும் கேட்கிறபடி, "ஏ புள்ள, உங்க அக்கா இங்க நிக்கறா. எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றார். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் திரும்பி அத்தையைப் பார்த்தது, பிறகு கரடியைப் பார்த்தது, பிறகு சிரித்தது. அவர்கள் வீட்டுக் குழந்தை கரடி மாதிரி கையைத் தூக்கிக் காட்டியது. அத்தை குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்.

தோட்டம் அரண்மனைக்குப் பின்னால் அடுக்கடுக்காகக் கீழே இறங்கியது. மேல் அடுக்கில் ரோஜாக்கள், அடுத்ததில் டேலியா. அதற்கும் கீழே சைப்ரஸ் மரங்களை ஆள் உயரத்துக்கு மேல் சுவர் மாதிரி வெட்டிவிட்டு, அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு கல்பெஞ்சு. கடைசி அறையில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று, அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. மழை விட்ட வாரம் அது. கீழே தேயிலைத் தோட்டங்கள் பளிச்சென்று இருந்தன.

"இங்க நல்லா இருக்குது. மாமியாளும் மருமகளும் ஒரு போட்டோ" என்றார் மாமனார். "கையில இருக்கறதையெல்லாம் குடுங்க, படத்துல அசிங்கமாத் தெரியும்."

நாத்தனார் என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். போன் அதில்தான் இருந்தது. அத்தையின் பர்ஸையும் போனையும் மாமனாரே வாங்கினார். எங்கள் இருவரையும் நீரூற்றின் பக்கத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்து, முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார்.

"இப்பெல்லாம் பின்னாடி இருந்துதான் எடுக்கறாங்க. சொல்ற வரைக்கும் திரும்பக்கூடாது. திரும்புனா படம் கெட்டுப் போயிரும்."

நின்றோம். காற்று முகத்தில் அடித்தது. எடுத்தாச்சுங்களா என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். பக்கத்தில் அத்தையைப் பார்த்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எங்க போனாங்க அத்தை?"

அவர் கண்ணைத் திறந்தார். சுற்றிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய்க் கல்பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். "ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சைப்ரஸ் வேலி ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தேன். ரோஜா அடுக்கு வரை ஏறிப் பார்த்தேன். வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடினேன். வண்டி அங்கே இல்லை. கேட்டில் இருந்த காவலாளி யாரையும் பார்க்கவில்லை என்றார். அவர் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. அத்தை அசையாமல் அதே இடத்தில் இருந்தார்.

"தேடாதே கண்ணு. தேடுனா இன்னும் நேரமாகும். இங்கதான் எங்கியாவது வேலிக்குப் பொறத்தால நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சும்மாத்தான். எனக்குக் கல்யாணமான புதுசுல கோயமுத்தூருக்கு எக்ஸிபிஷன் பாக்கக் கூட்டிட்டுப் போனாரு. கையில இவன், பால்குடிக்கற கொழந்தை. ராட்டினத்துக்கிட்ட நிக்க வெச்சுட்டுக் காணாமப் போயிட்டாரு. நான் கூட்டத்துல அங்கயும் இங்கயும் ஓடி, கடைசியில அழுதுட்டேன். அழுதவொடனே பின்னாடி இருந்து வந்து கண்ணைப் பொத்துனாரு. அதுலருந்து இப்படித்தான். எங்க போனாலும் ஒரு தடவை. கொழந்தைக பெருசானதும் அதுகளும் சேர்ந்துக்கிச்சு." அவர் குரலில் புகார் எதுவும் இல்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்கிறவர் மாதிரி சொன்னார். "அழுதா வந்துருவாங்க."

"அப்ப அழுங்க அத்தை. போயிரலாம்."

"எனக்கு இப்பெல்லாம் வர மாட்டேங்குது கண்ணு. என்ன பண்ணியும் வர மாட்டேங்குது. போன தடவை எச்சியைத் தொட்டுக் கண்ணுல வெச்சேன். கண்டுபுடிச்சுட்டாரு. மேட்டுப்பாளையத்துல உட்டுட்டு வந்துட்டாரு. ஒரு பூக்காரம்மா பஸ்ஸுக்குக் காசு குடுத்துது." என்னைப் பார்த்தார். "இன்னைக்கு உனக்காகத்தான் வந்துருக்கறாங்க. நீ அழுதாப் போதும்."

நான் மாட்டேன் என்றேன். அது வீம்புகூட இல்லை. அழுவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம்தான் இருந்தது. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டேன்.

பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் தேயிலைத் தோட்டங்கள் மறைந்தன, பிறகு நீரூற்று பாதி மறைந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போய்விட்டார்கள். என் ஸ்வெட்டர் வண்டியில் இருந்தது. பல் கிட்டியது. அத்தை தன் சால்வையின் ஒரு பாதியை என் மேல் போட்டு, தோளோடு இழுத்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது தெரிந்தது. குளிருக்கு என்று நினைத்தேன்.

"காலையில மாத்திரை போட்டது. இந்நேரம் சாப்பிட்டிருக்கணும்" என்றார். நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. சாப்பாட்டு டப்பாக்கள் வண்டியில்.

நான் எழுந்தேன். "மேல ஹோட்டல்ல கொஞ்சம் சக்கரை கேட்டு வாங்கிட்டு வாரேன்."

அவர் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நடுங்குகிற கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "வேண்டாம். அடுத்தவங்ககிட்டக் கேட்டா அவருக்குப் புடிக்காது. அப்புறம் ஊட்டுக்குப் போயி என்னைத்தான் பேசுவாரு. நீ அழு கண்ணு. சித்த நேரம் அழுதாப் போதும்."

சரி என்று முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு விசும்புகிற மாதிரி சத்தம் எழுப்பினேன். தோளைக் குலுக்கினேன். எனக்கே கேவலமாக இருந்தது.

வேலிக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "நடிப்பு பத்தல அம்மிணி!"

கூடவே இரண்டு பேர் சிரிப்பை அடக்குகிற சத்தம். நான் திடுக்கிட்டு எழுந்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள். நாங்கள் பேசியது அத்தனையும் கேட்டிருப்பார்கள். அத்தையின் கை நடுங்குவதும் தெரிந்திருக்கும். "அத்தைக்கு முடியலைங்க, வாங்க!" என்று வேலியைப் பார்த்துக் கத்தினேன். என் கணவரைக் கூப்பிட்டேன். யாரும் பதில் பேசவில்லை. வேலிக்குள் ஆள் நுழைய இடம் இல்லை. அந்தப் பக்கம் போவதற்கு எங்கெங்கோ சுற்றவேண்டும், போய்ச் சேருவதற்குள் வேறு பக்கம் போய்விடுவார்கள். தோற்றுப்போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அத்தை சால்வையை மறுபடி என் மேல் போர்த்திவிட்டார். என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"உன்னைப் பாக்க வந்தப்பவே நான் வேண்டாம்னுதான் சொன்னேன். நெறம் கம்மி. பல்லும் எடுப்பா இருக்குது." சாதாரணக் குரல்தான், தூங்க வைக்கிற மாதிரி. "பீரோன்னு ஒண்ணு குடுத்து உட்டீங்களே, கதவு மூடவே மாட்டேங்குது. பாக்கறவங்க எல்லாரும் சிரிக்கறாங்க. உங்கம்மா கட்டிட்டு வந்த சேலை அவங்களோடதா, எரவலா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமோ வெறுப்போ எதுவும் இல்லை. கவனம் மட்டும் இருந்தது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்த்தார். ஈரம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை என்றதும் அடுத்ததை எடுத்தார். என் சமையலைச் சொன்னார். எனக்கு முன்னால் பார்த்த பெண்களைச் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது, வலித்தது, ஆனால் அழுகை வரவில்லை.

"நிறுத்துங்க அத்தை" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். அவர் உதடும் நடுங்க ஆரம்பித்திருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தடவிக்கொடுத்தபடியே சொன்னார்.

"உங்க அப்பனுக்குக் கடைசியில உன்னை அடையாளமே தெரியலியாமே? சம்பளத்துக்கு வந்த ஆயான்னு நெனச்சாராமே? எம் பொண்ணு வரலியா, எம் பொண்ணு ஏன் இன்னும் வரலன்னு உங்கிட்டயே கேட்டுக் கேட்டுச் செத்துப் போனாராமே?"

என் அப்பா குன்னூரில் ஒரு டீ ஏல ஆபீசில் வேலை பார்த்தவர். மூளையில் கட்டி வந்து, கடைசி நாட்களில் ஞாபகம் குழம்பிவிட்டது. பகலில் அம்மா, ராத்திரியில் நான் என்று முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். படுக்கையில் துடைத்துவிடுவேன், ஸ்பூனில் கஞ்சி ஊட்டுவேன். அவர் மரியாதையாக, "ரொம்பத் தேங்க்ஸ்ங்க சிஸ்டர்" என்பார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, "எம் பொண்ணு வந்தாச் சொல்லுங்க, தூங்கிட்டாலும் எழுப்புங்க" என்பார். நான்தாம்ப்பா என்று சொன்னால் பயந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். சரிங்க, வந்தா எழுப்பறேன் என்பேன். அம்மாவை மட்டும் அவருக்குக் கடைசி வரை தெரிந்தது. இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஆளிடம், என் கணவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் தோளில் நெடுநேரம் சாய்ந்திருந்தேன்.

அழுதேன். எப்படி அழுதேன் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

கைதட்டல் கேட்டது. வேலியைச் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். மாமனார் முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. "அட அட அட! எங்க அம்மிணி அழுதாக்கூட அழகா இருக்கறாளே!" நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே வந்தாள். என் கணவர் என் தலையில் செல்லமாகத் தட்டி, "போதும் போதும், இதுக்குப் போயி" என்றார். மூவர் முகத்திலும் பிறந்தநாள் வீட்டு சந்தோஷம். வண்டியை ஹோட்டல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து டீயும் கட்லெட்டும் சாப்பிட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார்கள் என்று நாத்தனார் சொன்னாள்.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. வண்டிக்குப் போனதும் டப்பாவைத் திறந்து, கை கழுவாமல், நின்றபடியே எலுமிச்சைச் சாதத்தை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். நான் பார்ப்பதைக் கண்டதும் ஒரு கோழித் துண்டை எடுத்து நீட்டினார். "சாப்புடு கண்ணு. பசிக்கும்."

திரும்பும் வழியெல்லாம் மாமனார் அந்தக் கதையை எங்களுக்கே மறுபடி சொல்லிக்கொண்டு வந்தார். நான் போலியாக அழுததை நடித்துக் காட்டினார். சேரிங்கிராஸ் பக்கத்தில் வர்க்கி வாங்க நிறுத்தினார்கள். மாமனாரும் என் கணவரும் பேக்கரிக்குள் போனார்கள். நாத்தனார் போனில் மூழ்கியிருந்தாள். நான் என் பையையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அத்தை பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்க் குன்னூர் பஸ்ஸில் ஏறினேன்.

கேத்தி தாண்டும்போது என் கணவரின் போன் வந்தது. "எங்க இருக்கற?"

"குன்னூர் போயிட்டு இருக்கேன். அம்மா ஊட்டுக்கு."

அவர் சிரித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கவேண்டும், மாமனாரின் குரல் கேட்டது. "அடி சக்கை! அம்மிணி நமக்கே ஆட்டங் காட்டறா பாரு! எந்தக் கடைக்குள்ள ஒளிஞ்சுருக்கறான்னு தேடு!" எல்லோரும் சிரித்தார்கள். நான் போனை அணைத்துவிட்டேன். இருட்டும் வரை அங்கேயே வண்டியை நிறுத்திக் கடை கடையாகத் தேடினார்களாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

அம்மா முதலில் என்னைத்தான் திட்டினாள். "மாமனார் வெளையாண்டாருன்னா கல்யாணமான பொண்ணு ஊட்டை உட்டு வருவாளா? ஊர்ல கேட்டா என்ன சொல்றது?" வேறு வழியில்லாமல் அத்தை சொன்னதைச் சொன்னேன். அதைச் சொல்ல அப்பா என்னிடம் கேட்டதைச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு திரும்பிப் போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் என் கணவர் வந்தார். பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்திருந்தார். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்.

"தங்கச்சி எடுத்த வீடியோவை அழிக்கச் சொல்லிட்டேன். போதுமா?" என்றார்.

"அப்பா விஷயம் அத்தைக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். அம்மாகிட்டச் சொல்லக்கூடாதா? உம்மேல பரிதாபப்பட்டுத்தான் சொன்னேன்."

"வேலிக்கு அந்தப் பக்கம் நின்னீங்களே. அவங்க அதைச் சொல்றப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. "கேட்டுச்சு" என்றார். "அதுக்கு முன்னாடி அம்மா பேசுனதும் கேட்டுச்சு. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

"அப்பவே ஏன் வெளிய வரலை?"

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். விளையாட்டின் விதி தெரியாதவளிடம் விளக்குகிற பொறுமை அவர் குரலில் இருந்தது.

"நீதான் அது வரைக்கும் அழலையே."

அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார். நான் இனி வரமாட்டேன் என்றேன். கோபம் தணியட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகும் இரண்டு முறை வந்தார். சபையிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அடித்தாரா, வேறு பெண் தொடர்பா, குடியா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னதும் ஒருவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. விவாகரத்துக்குக் காரணம் எழுத வக்கீலம்மா மிகவும் சிரமப்பட்டார். கடைசியில் இரண்டு தரப்பும் சம்மதித்து விலகுவதாக எழுதி முடித்தோம். நான் குன்னூரில் என் பழைய பள்ளிக்கூடத்திலேயே மறுபடி சேர்ந்தேன்.

எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள் அத்தை தனியாக வந்தார். கையில் ஒரு பை நிறைய காரட். பருத்த உடம்பு மெலிந்து, கன்னம் ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட மனதுக்குள் தயார் பண்ணிக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார். "நீ போனதுக்கப்புறம் மறுபடியும் நாந்தான் கண்ணு. பைக்காரா ஏரியில போட்டுல ஏத்தி உட்டுட்டு இவங்க எறங்கிட்டாங்க. எனக்குத் தண்ணின்னா பயம். போட்டுக்காரன் திருப்பிக் கொண்டாந்து எறக்கி உட்டதும் சாயங்காலம் வரைக்கும் கரையில உக்காந்துருந்தேன். அழுகை வந்தாத்தானே."

"இங்கியே இருந்துருங்க அத்தை" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். ஆனால் மனதாரச் சொன்னேன். சமையலறையிலிருந்த அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எனக்கென்ன தலையெழுத்தா? எனக்கு ஊடு இல்லியா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது. "அவனுக்குக் கூடலூர்ப் பக்கம் ஒரு பொண்ணு பாத்துருக்குது. சின்னப் பொண்ணு, ஒத்தைப் புள்ளையா வளர்ந்தது. பாக்கப் போன எடத்துலயே உங்க மாமா அந்தப் புள்ளையோட நடையைச் சும்மா ஏதோ சொன்னாரு. பொசுக்குன்னு கண்ணு கலங்கிருச்சு. எனக்கு அப்பத்தான் நிம்மதியா இருந்துச்சு."

அந்தப் பெண் யார், எந்த வீடு என்று கேட்டேன். அவர் முகம் மூடிக்கொண்டது. "உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்?" பஸ் போய்விடும் என்று எழுந்துகொண்டார். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கூடலூர்க்கார டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் மூலமாகச் சபை சபையாக விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பெண்ணின் அம்மாவிடம் போனில் பேசினேன். நான் யார் என்பதைச் சொன்னேன். அரண்மனைத் தோட்டத்தில் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

"நாங்களும் நல்லா விசாரிச்சோம்" என்றார்கள் கடைசியில். "எங்க ஊடு ரொம்ப அமைதியா இருக்கும். அதனாலதான் இந்த எடம் எங்களுக்குப் புடிச்சதே. மாமனார் ரொம்பத் தமாஷான மனுஷனாமே, எல்லாரும் சொல்றாங்க. எம் பொண்ணு கொஞ்சம் சிரிச்சுட்டு இருக்கட்டும்."

கல்யாணம் ஜனவரியில் நடந்தது.